"உன்னை யாருக்குத் தெரியும்?" – மலேசியச் சீனரையும் இந்தியரான நம்மையும் ஒப்பிட்டு யாரோ சொன்னது இன்னும் உறுத்துகிறதா?

பிறை_குழாய்க்காரன்:

எழுதினால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. குழாய் வேலைக் குத்தகை எடுக்கிறேன், 11 வருடமாக. பினாங்கு மாநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் எல்லாரும் சாமான் எடுக்கிற மாதிரி ஒரு ஹார்டுவேர் கடை, அதிகம் விளக்க வேண்டாம். போன மாதம் பெரிய வேலை ஒன்று கிடைத்தது, 14 வீடு. சாமானை மாதக் கணக்கில் தருவீர்களா என்று தவுக்கேயிடம், அதாவது சீனக் கடைமுதலாளியிடம், கேட்கப் போனேன். இத்தனை வருடமும் கைக்காசுக்குத்தான் வாங்குகிறேன், ஒரு காசு பாக்கி கிடையாது.

எனக்கு முன்னால் ஒரு சீனப் பையன் நின்றான். இருபத்திரண்டு வயது இருக்கும். கூட ஒரு கிழவர், அரைக்கால் சட்டை, சிலிப்பர். கிழவர் ஹொக்கியன் சீனத்தில் நாலு வார்த்தை பேசினார். தவுக்கே சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் ஏதோ எழுதி, பையனிடம் நீட்டினார். பையன் லோரியில் சாமான் ஏற்ற ஆரம்பித்துவிட்டான். காசு கைமாறவே இல்லை.

அப்புறம் என் முறை. தவுக்கே கெட்டவர் இல்லை, தீபாவளிக்கு ஆரஞ்சுப் பெட்டி அனுப்புகிறவர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "லூ பாகுஸ் ஓராங், தாப்பி சியாப்பா கெனால் லூ?" நீ நல்ல ஆள்தான், ஆனால் உன்னை யாருக்குத் தெரியும்?

இதற்கு என்ன பதில் சொல்வது? 11 வருடமாக உங்களுக்கே தெரியுமே என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. பிறைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நாள்காட்டித் தாள்தான் கண்ணில் நின்றது. அவன் தாத்தாவும் கப்பலில்தான் வந்தார், என் தாத்தாவும் கப்பலில்தான் வந்தார். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

பால்காட்டு_மகள்:

அண்ணே, எனக்கு இது வேறு மாதிரி நடந்தது.

பாயான் லெப்பாஸ் ஆலையில் என்னோடு வேலை செய்யும் சீனத் தோழி, சீனப் பெருநாளுக்கு பாலிக் பூலாவில் இருக்கும் தன் பாட்டி வீட்டுக்கு அழைத்தாள். அம்மாவையும் கூட்டிப் போனேன். அம்மா செபெராங் பிறையில் ஒரு தோட்டத்தில் 26 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பாட்டிக்கு எண்பதுக்கு மேல். எங்களுக்கு ஆரஞ்சு கொடுக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. உள்ளங்கையைத் திருப்பினார். கட்டைவிரலுக்குக் கீழே காய்த்துப்போன இடத்தில் தன் விரலை வைத்து அழுத்தினார். பிறகு தன் கையைத் திருப்பிக் காட்டினார். அதே இடம், அதே காய்ப்பு.

அதற்கப்புறம் இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. பசார் மலாயில், அதாவது கொச்சை மலாயில்தான் பேச்சு. விடியற்காலை நெற்றி விளக்கு, கொசு, மழை வந்து மங்கில் பாலெல்லாம் வீணாகிற ஆத்திரம் என்று ஒரே சிரிப்பு. தோழியும் நானும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கிளம்பும் முன் பாட்டி வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். டுரியான் தோப்பு. ஐந்து ஏக்கர். முன்பு அத்தனையும் ரப்பர் மரமாம். விலை விழுந்தபோது வெட்டிவிட்டு டுரியான் நட்டார்களாம். அந்த மரங்கள்தான் தோழியின் அப்பாவையும் இரண்டு சித்தப்பாக்களையும் படிக்க வைத்தன.

அம்மா காரில் ஏறியதும் அமைதியாகிவிட்டார். பாலம் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார்: "அவளுக்கு மரம் இருந்துச்சு. எனக்கு நிரைதான் இருந்துச்சு." நிரை என்றால் பால் வெட்டப் பிரித்துக் கொடுக்கும் மர வரிசை. எங்கள் தோட்டத்தை விற்றது நான் ஆறாம் வகுப்பு படித்தபோது. மரமும் கம்பெனியுடையது, நாங்கள் இருந்த வீடும் கம்பெனியுடையது. அம்மாவின் நிரை இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள் நிற்கின்றன. அதில் ஒன்றுகூட எங்கள் ஆட்களுடையது இல்லை.

கணக்கன்_72:

இரண்டு பேரும் நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் கண்ணீரைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் எண்களையும் பாருங்கள். 1970-ல் தீபகற்ப மலேசியாவில் சீனக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 394 வெள்ளி (ரிங்கிட்), இந்தியக் குடும்பத்துக்கு 304. அதாவது அவர்கள் 100 சம்பாதித்தால் நாம் 77. 2019-ல் புள்ளிவிவரத் துறைக் கணக்குப்படி அவர்கள் 9,895, நாம் 8,216. அதாவது 83. மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களின் சராசரி 7,093. ஆக நாம் நடுவில்தான் இருக்கிறோம், அடியில் இல்லை. 'நம் இனம் அழிந்தது' என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி?

குழாய்க்காரரே, அந்தத் தவுக்கே இனம் பார்க்கவில்லை, ஜாமீன் பார்த்தார். வியாபாரி யாராக இருந்தாலும் அதைத்தான் பார்ப்பான். நம் செட்டியார்கள் பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியில் உட்கார்ந்து சீனர்களுக்கே வட்டிக்குக் கொடுத்தவர்கள். அவர்கள் மட்டும் முகம் தெரியாத ஆளுக்குக் கொடுத்தார்களா? பணம் நம்மிடமும் இருந்தது. அது போர் முடிந்ததும் காரைக்குடிக்குத் திரும்பிப் போய்விட்டது, அதைப் பேசுங்கள்.

என் அனுபவம் சின்னது. பல்கலைக்கழகத்தில் ஒரு சீன நண்பன் கேட்டான்: "டாக்டர், வக்கீல் என்று எங்கே பார்த்தாலும் உங்கள் ஆட்கள், பிறகு எதற்கு அழுகிறீர்கள்?" நான் சிரித்து மழுப்பினேன். இன்றுவரை சரியான பதில் கிடைக்கவில்லை.

பால்காட்டு_மகள்:

கணக்கரே, பதில் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. வசதியான பங்சாரில் இருக்கும் வக்கீலையும் பிறை அடுக்குமாடியில் இருக்கும் என் அண்ணனையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இரண்டு பேருமே வசதியானவர்கள்தான். வருமானத்தைச் சொன்ன நீங்கள் சொத்தை ஏன் சொல்லவில்லை? நிறுவனப் பங்குகளில் 1970-ல் சீனர்களிடம் 27 விழுக்காடு, 1990-ல் 45. நம்மிடம் 1970-லும் 1 விழுக்காடு, 1990-லும் 1 விழுக்காடு. சம்பளம் மாதா மாதம் தீர்ந்துபோகும். டுரியான் மரம் தீராது. நான் எழுதியதே அதைப் பற்றித்தான்.

கந்தர்_பாய்:

சூலியா ஸ்திரீட் ஆள் நான். எங்கள் அத்தா தோளில் காவடி மாதிரி கட்டித் தூக்கிக்கொண்டு சோறு விற்றார், இன்று மூன்று கடை இருக்கிறது. கடை முன் நடைபாதையான அஞ்சடியில் ஒரு சீனப் பெரியவர் என்னைக் கேட்டார்: "நீங்கள் மட்டும் எப்படி எங்களை மாதிரி?" பாராட்டா திட்டா என்று புரியவில்லை. இன்னொரு வேடிக்கை, என் அடையாள அட்டையில் இந்தியன், என் மச்சான் பிள்ளைகளுக்கு மலாய்க்காரர் என்று பதிவு. ஒரே சட்டிக் குழம்பு. கணக்கன் தம்பி எங்களை எந்தப் பத்தியில் சேர்ப்பார்?

செராஸ்_வாசி:

நான் கோலாலம்பூர். சீனப் பள்ளியில் ஆறு வருடம் படித்தவன். அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் இருந்தார், "இனிமேல் கவர்மெண்டு வேலை நம்ம பிள்ளைகளுக்குக் கிடைக்காது, சீனம் படிச்சாத்தான் சோறு" என்று கொண்டுபோய்ச் சேர்த்தார். 1971-க்குப் பிறகு, பூமிபுத்ராக்களுக்கு முன்னுரிமை தந்த புதிய பொருளாதாரக் கொள்கை சீனர்களையும் நம்மையும் ஒன்றாகத்தான் வெளியே நிறுத்தியது. ஆனால் அவர்களுக்கு உள்ளே போக சித்தப்பா கடை, மாமா பட்டறை என்று இருந்தன. நமக்கு இருந்ததெல்லாம் ரயில்வே, பொதுப்பணி, தொலைபேசி. அந்தக் கதவுதான் குறுகியது.

சரி, என் கதை. 'மாண்டரின் பேசத் தெரிந்தவர் தேவை' என்று விளம்பரம். போனில் 20 நிமிடம் மாண்டரினில் பேசினேன், அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், நாளைக்கே வாருங்கள் என்றார். மறுநாள் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், பிறகு காலியாக இருந்த நாற்காலிகளைப் பார்த்தார். என் சீனப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பள்ளியில் ஆசிரியர் வைத்தது. நான் எழுந்தேன். மூன்று விநாடி இருக்கும். அந்த மூன்று விநாடிதான் இன்னும் போகவில்லை.

வேலை கிடைத்தது, சம்பளமும் நல்ல சம்பளம். முதலாளி இப்போதும் வாடிக்கையாளர்களிடம் என்னை "இவன் மற்றவர்கள் மாதிரி இல்லை" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். நானும் தலையாட்டுகிறேன்.

தம்பிக்கு_ஒரு_வார்த்தை:

எல்லாம் படித்தேன். என் மச்சினன் கார் கடனுக்கு ஜாமீன் போட்டு என் பெயர் கெட்டது, அதுதான் என் அனுபவம், விடுங்கள். குழாய்க்காரத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தவுக்கேயிடம் ஏன் கெஞ்சுகிறாய்? முதலில் உன் தொழில் எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா? சொந்தப் பெயரில் என்றால் வருடம் 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60, அவ்வளவுதான். இரண்டாவது, வாங்கும் காசையெல்லாம் வங்கியில் போட்டு எடு. கைக்காசு வாழ்க்கை வாழ்கிற ஆளை வங்கி கண்ணுக்கே தெரியாது, நீ 11 வருடம் நாணயமாக இருந்தது எந்தத் தாளிலும் இல்லை. சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனில் இந்தியர்களுக்கென்று ஸ்புமி என்ற கடன் திட்டம் இருக்கிறது, போய் விசாரி. மத்திய வங்கியின் சிசிரிஸ் கடன் அறிக்கையை எடுத்துப் பார். மோட்டார் சைக்கிள் தவணை இரண்டு மாதம் விட்டிருந்தாலும் அதில் தெரியும். கந்துவட்டி ஆலோங்கிடம் மட்டும் போகாதே. கூட்டு, அதாவது சீட்டு, பிடிக்கிறேன் என்று யாராவது வந்தால், கூட்டு நடத்துவதையே தடை செய்து 1971-லிருந்து சட்டம் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள், கூட்டுக்காரி ஓடிவிட்டால் போலீசில்கூட நிமிர்ந்து பேச முடியாது. பெண்டாட்டி நகையை வைக்காதே. சீனர்கள் காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறார்கள், நாம்...

செராஸ்_வாசி:

ஐயா, நாமும் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்கள்தான். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

தம்பிக்கு_ஒரு_வார்த்தை:

கோபப்படாதே தம்பி, நல்லதுக்குத்தான் சொல்கிறேன். சரி, நேரத்தை விடு. சொக்சோ தொழிலாளர் காப்புறுதி கட்டுகிறாயா? கூட வேலை செய்யும் பையன்களுக்கு?

ராஜூலா_பேரன்:

'நம் ஆட்களுக்கு ஒற்றுமை இல்லை, சீனன் சங்கம் வைத்துப் பிழைத்தான்' என்று அடுத்து யாராவது எழுதுவார்கள், அதற்குள் நான் எழுதிவிடுகிறேன். 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, வெள்ளைக்காரன் துண்டு போட்டு விற்ற தோட்டங்களை வாங்க என் தாத்தா போன்றவர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள். சேராமல் இல்லை. அப்புறம் 80-களில் பெண்கள் தாலியை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்களே, மைக்கா ஹோல்டிங்ஸ், அந்தக் கம்பெனி என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். பாட்டி அந்தப் பங்குப் பத்திரத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். செத்த பிறகுதான் எடுத்தோம். சேர்ந்து சேர்ந்து ஏமாந்தவர்களிடம் போய் சேரவில்லை என்கிறார்கள்.

இன்னொன்று. சீனர் எல்லாரும் தவுக்கே இல்லை. பினாங்கு வெல்ட் கீ பக்கம் சீனர்கள் இருக்கும் படகுத்துறை வீடுகளுக்குப் போயிருக்கிறீர்களா? தண்ணீர் மேல் கம்பு நட்டுக் கட்டியவை, கீழே பட்டா கிடையாது, தற்காலிக உரிமம்தான். அங்கே ஒரு கிழவி அட்டைப் பெட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தூக்கி வைக்க உதவினேன். என் முகத்தைப் பார்த்து, "லூ பூன் சுசா கா?" என்றாள். உனக்கும் கஷ்டமா? நான் அன்று அலுவலகச் சட்டை, டை எல்லாம் போட்டிருந்தேன். ஏன் அப்படிக் கேட்டாள்? நிறத்தைப் பார்த்தா? அவள் கேட்டது அனுதாபம்தான், ஆனால் நான் இல்லை என்று அவசரமாகச் சொன்னேன் பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கணக்கன்_72:

பால்காட்டு மகள், சொத்துக் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். கந்தர் பாய், உங்களை எந்தப் பத்தியில் போடுவது என்று நிஜமாகவே தெரியவில்லை.

செராஸ்_வாசி:

குழாய்க்காரரே, அந்த நாள்காட்டித் தாளைப் படம் எடுத்தால் இங்கே போடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்கிறேன்.

பிறை_குழாய்க்காரன்:

படம் இல்லை. ஆனால் நேற்று ஒரு வால்வு வாங்கப் போனேன், அந்தப் பையன் அங்கே நின்றான். வெட்கத்தை விட்டு அவனிடமே கேட்டேன். பர்சிலிருந்து எடுத்தே காட்டினான். சீன எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எண் தெரியுமே. முக்கால் அங்குலக் குழாய் 40, எல்போ 120, பசை 6. கணக்குச் சீட்டு. ஜாமீனும் இல்லை ஒன்றும் இல்லை, லோரியில் ஏற்றிய சாமானின் கணக்கு, அவ்வளவுதான். இத்தனை நாள் நான் அதை என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் ஜாமீன் எது? அந்தக் கிழவர் வந்து நின்றதுதான். பையனின் பெரியப்பாவாம், அதே கடையில் 30 வருடம் கணக்கு வைத்திருந்தவராம்.

தவுக்கே பார்த்துக்கொண்டேயிருந்தார். "லூவும் ஒரு ஆளைக் கூட்டி வா, பேசலாம்" என்றார். எனக்கு இருப்பது மாமா ஒருத்தர்தான். தோட்டம் விற்றதற்கப்புறம் ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவல்) வேலை, சீனர்களுடைய தொழிற்சாலைதான், முதலாளிக்கு அவரை நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகலாம் என்று போன் செய்தேன். ஞாயிறும் டியூட்டியாம், ஆள் மாற்றிக்கொண்டு வரப் பார்க்கிறேன், என்ன சட்டை போட்டுக்கொண்டு வரட்டும் என்று கேட்டார்.