கொருக்குப்பேட்டை டியூஷன் டீச்சர்ஸ் குரூப்: கேள்வித்தாள் திருத்தம்

பாத்திமா மிஸ் மாலை 7:42
எட்டாம் வகுப்பு மாதத் தேர்வுக்கு இந்தக் கேள்வி சரியா, பார்த்துச் சொல்லுங்க. வரிசையா வர்ற வினைகளை ஒரே வடிவில் எழுதத் தெரியுமான்னு பார்க்கத்தான்.

காசிமேட்டு மீனவர்கள் வலையை உலர்த்தி, கிழிசலைத் தைத்து, ______ படகில் அடுக்கினர்.
அ) மடித்துப் ஆ) மடித்த இ) மடிக்க ஈ) மடித்துவிட்டு

சேகர் சார் 7:49
மிஸ், இதுக்கு ரெண்டு விடை வருது. மடித்துவிட்டுவும் வினையெச்சம்தான் (இன்னொரு வினையில போய் முடியற சொல்), தப்புன்னு போட முடியாது. "மடிக்க"வும் வேணாம், மடிக்கறதுக்காகப் படகில் அடுக்கினாங்கன்னு பொருள் எடுக்கலாம்.

சேகர் சார் 7:50
இன்னொண்ணு, அ-வுல மட்டும் ப் நிக்குது. "-த்து", "-ட்டு" மாதிரி முடியற வன்தொடர்க் குற்றியலுகர வினையெச்சத்துக்கு அப்புறம் வல்லினம் மிகும்னு தெரிஞ்ச பையன் வாக்கியத்தைப் படிக்காமலே டிக் பண்ணிடுவான். சந்தி தெரியுமான்னுதான் சோதிச்ச மாதிரி ஆகும்.

தேவி அக்கா 7:53
"மடித்த"வும் இடிக்குது. பக்கத்துல படகுன்னு பெயர்ச்சொல் இருக்கறதால பெயரெச்சம் போய் ஒட்டிக்கும். படகை எடுத்துட்டு "______ அடுக்கினர்"னு முடிங்க. உயிரெழுத்து வந்தா ப் பிரச்சினையும் போயிடும்.

பாத்திமா மிஸ் 7:55
அப்போ இ, ஈ-க்கு என்ன போடறது? மடிக்காமல்?

தேவி அக்கா 7:56
அதுவும் வினையெச்சம்தான் மிஸ், எதிர்மறை. அதையும் சரின்னு வாதாடலாம். மடித்தல், மடித்தனர் போடுங்க. பசங்க உண்மையிலேயே எழுதற தப்பு மடித்தனர்தான். பாதி வாக்கியத்துலயே வினைமுற்று, அதாவது வாக்கியத்தை முடிக்கற வினை, போட்டுடுவாங்க.

சேகர் சார் 7:58
மடித்தனர் போட்டா கேள்வித் தலைப்புல "இக்கால உரைநடைக்கு ஏற்ப"ன்னு சேர்த்துடுங்க. வினைமுற்று எச்சப் பொருள்ல வர்றது நன்னூல்லயே இருக்கு, முற்றெச்சம். நல்லாப் படிக்கற புள்ள அதைச் சொல்லிக் கேட்டா மார்க் குடுக்காம இருக்க முடியாது.

உலர்த்தி, தைத்து ரெண்டும் வேற வேற எழுத்துல முடியறதை மட்டும் மாத்தாதீங்க. ரெண்டும் செய்து வாய்பாடுதான், அதாவது "செய்து"ங்கற மாதிரி அமையற ஒரே வகை வினையெச்சம். எல்லாம் "-த்து"ன்னே வந்தா ஓசையை வெச்சே சொல்லிடுவாங்க.

ஸ்டெல்லா மிஸ் 8:04
இங்கிலீஷ் பேப்பர்லயும் இதே மாதிரி ஒண்ணு வெச்சிருக்கேன். "ஷி என்ஜாய்ஸ் குக்கிங், ரீடிங் அண்ட் ______." ஸிங்கிங், டு ஸிங், ஸிங்ஸ், ஸங்.

சேகர் சார் 8:07
என்ஜாய் வேணாம் மிஸ். அதுக்குப் பின்னாடி ஐஎன்ஜி மட்டும்தான் வரும். முன்னாடி இருக்கற ரெண்டு சொல்லைப் பார்க்காமலே ஸிங்கிங்னு போட்டுடலாம். லைக்ஸ் போடுங்க. அதுக்கு ஐஎன்ஜியும் வரும், டு-வும் வரும். அப்போதான் வரிசையைப் பார்த்தே ஆகணும்.

தேவி அக்கா 8:09
கேள்வியில "ஒரே வடிவில் அமைக்க"ன்னு கண்டிப்பா இருக்கணும். அது இல்லாம டு ஸிங் தப்புன்னா பசங்க குழம்பிடுவாங்க. தமிழ்லயும் அப்படித்தான். "கோலம் போடுவதும், பூக் கட்டுவதும், கதை கேட்கவும் பிடிக்கும்": கேட்கவும் பிடிக்கும்ங்கறது தனியா நின்னா சரி, வரிசையிலதான் உறுத்தும். எண்ணும்மையில (ஒவ்வொண்ணுக்கும் உம் போட்டு அடுக்கறதுல) உம் இருந்தா மட்டும் போதாது, அதுக்கு முன்னாடி இருக்கற வடிவமும் ஒண்ணா இருக்கணும்.

ஸ்டெல்லா மிஸ் 8:12
டு-வை ஒரு தடவை மட்டும் போடலாமா?

சேகர் சார் 8:13
போடலாம். "டு வாஷ், ட்ரை அண்ட் ஃபோல்ட்" சரி. மூணுக்கும் டு போட்டாலும் சரி. ரெண்டுக்குப் போட்டு ஒண்ணுக்கு விட்டாதான் தப்பு.

பாத்திமா மிஸ் 8:20
மாத்திட்டேன்.
இக்கால உரைநடைக்கு ஏற்பப் பொருத்தமான வினைவடிவத்தைத் தேர்க: காசிமேட்டு மீனவர்கள் வலையை உலர்த்தி, கிழிசலைத் தைத்து, ______ அடுக்கினர்.
அ) மடித்த ஆ) மடித்தனர் இ) மடித்து ஈ) மடித்தல்

தேவி அக்கா 8:22
இப்போ இ மட்டும்தான் வருது. ஜெராக்ஸுக்கு அனுப்பிடலாம் மிஸ்.