120 வரியில் ஜீரோ டிரஸ்டா? அந்த 300 வினாடிக்குப் பதில் எங்கே?

தாழ்ப்பாள்: வெண்பா_கோடர் நேற்றுப் போட்ட பதிவைப் பார்த்தேன். சிம்பையில் (பைத்தானில் சிமுலேஷன் எழுதும் நூலகம்) 120 வரி எழுதி இரண்டு பாதுகாப்பு முறைகளை ஒப்பிட்டாராம். வாசலில் மட்டும் காவல் வைக்கும் பழைய ஃபயர்வால் மாடலில் ஒரு லேப்டாப் ஹேக்கர் கையில் சிக்கிக் கெட்டதும் 20 சர்வரும் காலி. உள்ளே இருப்பவரையும் நம்பாமல் சோதிக்கும் ஜீரோ டிரஸ்டில் ஒன்றுகூடப் போகவில்லையாம். கோடைத் திறந்தால் டோக்கனின், அதாவது அனுமதிச் சீட்டின், ஆயுள் 300 வினாடி! 40ஆவது வினாடியில் லேப்டாப் கெட்டால் மீதி 260 வினாடிக்கு யார் காவல்? உங்கள் கோடில் லேப்டாப் எப்போதும் டோக்கன் வாங்குவதற்கு முன்பே கெட்டுவிடுகிறது. ரொம்ப வசதி.

வெண்பா_கோடர்: அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் ஜீரோ டிரஸ்ட் ஆவணம் 800-207, ஆகஸ்ட் 2020. மூன்றாவது கொள்கை: அனுமதி செஷனுக்குச் செஷன் (ஒரு தொடர்பு தொடங்கி முடியும்வரை ஒரு செஷன்). அந்தக் கொள்கையில் ரெக்வெஸ்டுக்கு ரெக்வெஸ்ட் (ஒவ்வொரு கோரிக்கைக்கும்) என்று எங்கே இருக்கிறது? கோஷம் போட ஆவணம் படிக்கத் தேவையில்லைதான்.

தாழ்ப்பாள்: மூன்றாவதோடு மூடி வைத்துவிட்டீர்களா? ஆறாவதையும் படியுங்கள். தொடர்பு நடந்துகொண்டிருக்கும்போதே நம்பகத்தைத் திரும்பத் திரும்ப மதிப்பிடச் சொல்கிறது. 300 வினாடி, ஐயா. 300.

எறும்பு_நெட்: அதை விடுங்கள். சிம்பையில் டைம்அவுட் கொடுக்காமல் கடிகாரமே நகராது. அனுமதி தரலாமா என்று முடிவெடுக்கும் பாலிசி என்ஜினைக் கேட்டுவர ஆகும் நேரத்தை இவர் எழுதவே இல்லை. அப்புறம் எத்தனை முறை சோதித்தால் என்ன, செலவு பூஜ்யம்தான். லினக்ஸில் குட்டி நெட்வொர்க்கை உருவாக்கும் மினிநெட்டில் செய்திருந்தால் பாக்கெட் நிஜமான லினக்ஸ் கர்னல் வழியாகப் போயிருக்கும்.

வெண்பா_கோடர்: வந்துவிட்டார் மினிநெட் ஏஜென்ட். முன்பு டாக்கர் பற்றிய விவாதத் திரியிலும் இதே பாட்டுதான். விண்டோஸ் வைத்திருக்கும் பையன் இதற்காக விஎம் (கணினிக்குள் இன்னொரு கணினி) போட்டு அழவேண்டுமா?

எறும்பு_நெட்: டாக்கர் திரியில் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று ஊருக்கே தெரியும்.

தாழ்ப்பாள்: பேச்சை மாற்றாதீர்கள். 2009இல் கூகுளுக்குள் ஹேக்கர்கள் புகுந்த ஆரோரா தாக்குதலுக்குப் பிறகு கூகுள் கட்டிய பியாண்ட்கார்ப் என்ற ஜீரோ டிரஸ்ட் அமைப்பில் ஒவ்வொரு ரெக்வெஸ்டும் ஆக்சஸ் ப்ராக்ஸி என்ற நுழைவாயிலில் சோதிக்கப்படுகிறது. லேப்டாப்பின் நிலை மாறியது பதிவானதும் அடுத்த ரெக்வெஸ்டிலேயே கதவு சாத்தப்படும். உங்கள் கோடில்? 300 வினாடி திறந்த வீடு.

வெண்பா_கோடர்: கூகுளின் ஆள்பலம் எல்லோருக்கும் உண்டா?

தாழ்ப்பாள்: ஒரு இஃப் வரியை லூப்புக்குள் தள்ள ஆள்பலமா! டோக்கன் கொடுக்கும் இடத்தில் இருக்கும் சோதனையை சர்வர் வாசலுக்கு நகர்த்துங்கள், போதும். அதன்பிறகும் பூஜ்யம் வந்தால் பேசுவோம்.

வெண்பா_கோடர்: வாசலுக்கு வாசல் சோதித்தால் பாலிசி என்ஜின் படுத்துவிடும். சர்வர் நடத்திப் பார்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

எறும்பு_நெட்: படுக்குமா படுக்காதா என்பதைத்தான் சிமுலேஷன் சொல்லவேண்டும். நேரத்தையே எழுதாத கோடு எதைச் சொல்லும்?

புதுப்பையன்: அண்ணே, இதுதான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். எந்த மாடலை எடுக்கட்டும்?

வெண்பா_கோடர்: என் கோடை அப்படியே எடுத்துக்கொள் தம்பி. செஷன் போதும்.

தாழ்ப்பாள்: எடு, வைவாவில் மாட்டு.

எறும்பு_நெட்: தம்பி, லினக்ஸ் இருக்கிறதா?