புதுப்பிப்பு: வேப்பமரப் பெட்டியின் மூடி வெடித்தது, இப்போது சரி

சித்திரையில் கேட்டிருந்தேன்: 3 அடி நீளம், 18 அங்குல அகலப் பெட்டி, மூடியில் செதுக்கிய தாமரையின் நடுவே வெடிப்பு, என்ன செய்ய? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிலர் மரம் பச்சை என்றார்கள். அது இல்லை.

கோளாறு மூடியின் அடியில் இருந்த குறுக்குச் சட்டங்களில்தான். இரண்டையும் ஸ்க்ரூவோடு பசையும் போட்டு இறுக்கியிருந்தேன். பலகை அகலவாக்கில் சுருங்கும். சட்டம் நீளவாக்கில் சுருங்காது. விட்டுக்கொடுக்க இடமில்லாமல் பலகை வெடித்துவிட்டது. "பசையை எடு, ஓட்டையை நீட்டு" என்று ஒருவர் சொன்னதே பலித்தது. சட்டங்களை உளியால் பெயர்த்ததும் வெடிப்பு பாதி தானாகவே மூடிக்கொண்டது! மீதியில் பசை விட்டு ஒரு நாள் கிளாம்ப் போட்டேன். பிறகு சட்டத்தில் நடு ஓட்டையை மட்டும் வட்டமாக விட்டு, ஓரத்து ஓட்டைகளைப் பலகையின் அகலவாக்கில் நீளமாக்கி, பசையின்றி ஸ்க்ரூ மட்டும் போட்டேன். வார்னிஷ் இந்த முறை அடிப்பக்கமும்.

எதிர்பாராதது இரண்டு. பித்தளை ஸ்க்ரூ கழற்றும்போது இரண்டின் தலை முறிந்தது. இப்போது அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி இறக்கி, மெழுகு தடவித்தான் பித்தளையைப் போடுகிறேன். அடுத்து, ஐப்பசி மழையில் மூடி 3 மி.மீ. அகன்று, முன்பக்கக் கொக்கி வளையத்தில் விழவில்லை. வளையத்தை அரத்தால் கொஞ்சம் அகட்டினேன், இப்போது விழுகிறது.

தாமரையில் தலைமயிர் அளவுக் கோடு தெரிகிறது. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.