இருட்டறையில் எதிர்பாராமல் பார்த்த வெளிச்சம்: அனுபவங்களைப் பகிருங்கள்

ஊசித்துளை
ஃபிலிம் கழுவும் அறை. 120 ரீல், பின்காகிதத்தோடு சுற்றிவரும் அகல ஃபிலிம். கும்மிருட்டு. பின்காகிதத்தோடு ஃபிலிமைப் பிடித்திருக்கும் டேப்பை வெடுக்கென்று உரித்த நொடியில், பசை பிரிந்த கோட்டில் நீலமாய் ஒரு கீற்று. விளக்கு எதுவும் இல்லை, கதவில் இடுக்கு இல்லை. கழுவிப் பார்த்தால் பன்னிரண்டு படமும் சுத்தம். அந்த நீலம் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. வேறு யாராவது பார்த்ததுண்டா?

ஹைப்போ
பார்க்காதவர் குறைவு. பசை பிரியும்போது இரண்டு பக்கமும் எதிரெதிர் மின்னூட்டம் தங்கி, இடையிலுள்ள காற்றில் பொறி தட்டுகிறது. நைட்ரஜன் தரும் ஒளி, அதனால் நீலம். மெதுவாக உரித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஃபிலிம் பக்கம் உரிக்காமலே விடலாம்: காகிதத்திலிருந்து மட்டும் பிரித்து, டேப்பை ஃபிலிம் நுனியின் மேல் மடித்து ஒட்டினால் நுனி விறைப்பாகி, ஸ்பைரலில் (கழுவும் டேங்குக்குள் ஃபிலிமைச் சுற்றும் சக்கரம்) வழுக்கிக்கொண்டு ஏறும்.

இந்தப் பொறி 35 எம்எம் ஃபிலிமில்தான் ஆபத்து. காய்ந்த காற்றுள்ள ஏசி அறையில் சரசரவென்று சுற்றினால் நெகட்டிவில் மரக்கிளை போலக் கறுப்புக் கோடுகள் விழும்.

சிவப்பு பல்ப்
டேப்பைவிட மோசம் ட்யூப்லைட். அணைத்த பிறகும் உள்பூச்சு சில நிமிடம் பச்சையாய் மினுங்கிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வந்தவுடன் அது தெரியாது. இருட்டில் பத்து நிமிடம் நின்றபின் அண்ணாந்து பார்த்தால் குழாய் முழுக்கத் தெரியும்.

அப்புறம், சேஃப்லைட் பற்றி, அதாவது பிரின்ட் போடும் பேப்பரைக் கெடுக்காத மங்கல் விளக்கு பற்றி ஒன்று. கடையில் வாங்கிய சிவப்பு ஜீரோ வாட் பல்பைப் போட்டுவிட்டு நிம்மதியாய் இருக்காதீர்கள். சாயத்தில் கீறல் விழுந்தால் வெள்ளை ஒழுகும். சிடியின் பளபளப்புப் பக்கத்தில் பல்பின் பிரதிபலிப்பைச் சாய்த்துப் பாருங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையோ நீலமோ தலைகாட்டினால் அந்த பல்ப் ஆகாது.

அதில் தேறினாலும் நாணயச் சோதனை வேண்டும். வெற்றுப் பேப்பரில் நாணயம் வைத்துப் பார்ப்பது போதாது. என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) லேசாக ஒளி காட்டி, கழுவினால் வெளிர்சாம்பல் வரும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு அதன்மேல் நாணயம் வையுங்கள். சேஃப்லைட்டில் 7 நிமிடம். பிறகு சேஃப்லைட்டையும் அணைத்துவிட்டு டெவலப் செய்யுங்கள். வட்டம் வெளுப்பாகத் தெரிந்தால் விளக்கு கெடுக்கிறது. ஏற்கெனவே ஒளி வாங்கிய பேப்பருக்குத் துளி போதும். வெள்ளை பார்டர் வெள்ளையாகவே இருக்க, முகத்தின் வெளிச்சப் பகுதி மட்டும் மங்குவதற்குக் காரணம் இதுதான். பல்ப் 15 வாட், பேப்பரிலிருந்து 4 அடி தூரம். அதற்குக் கிட்டே வேண்டாம்.

பழைய ரீல்
எனக்குப் பிரின்ட்டில் பார்டரே சாம்பலாக வந்தது. சுவருக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தும் தீரவில்லை.

ஹைப்போ
சுவரைக் கறுப்பாக்கினால் இருட்டு அதிகமாகிவிடாது. வெளிச்சம் உள்ளே வராத அறையில் வெள்ளைச் சுவரும் கறுப்புதான். என்லார்ஜருக்குப் பின்னால் மட்டும் கறுப்பு வேண்டும், சிதறும் ஒளி பேப்பருக்குத் திரும்பாமல் இருக்க.

சாம்பலுக்குக் காரணம் எது என்று முதலில் பிரியுங்கள். ஒரே பாக்கெட் பேப்பரில் மூன்று துண்டு. ஒன்று, முழு இருட்டில் நேராக ஃபிக்சருக்கு (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), இதுதான் ஒப்பிட வேண்டிய வெள்ளை. இரண்டாவது, முழு இருட்டில் டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் கரைசல்), பிறகு ஃபிக்சர். மூன்றாவது, வேலை நடக்கும் நேரம் அளவுக்குச் சேஃப்லைட்டில் கிடந்தபின் டெவலப்பர். இரண்டாவதே சாம்பலானால் பேப்பருக்கு வயதாகிவிட்டது, அல்லது டெவலப்பர் சூடேறியிருக்கிறது. 20 டிகிரியில் வையுங்கள். ஊட்டியில் தயாரான பழைய ‘இந்து’ பிராண்ட் பேப்பரைப் பத்திரப்படுத்தியிருப்பவர்கள் இந்தத் துண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்றாவது மட்டும் சாம்பல் என்றால் விளக்கு.

சிவப்பு பல்ப், உங்கள் கணக்கு பேப்பருக்கு மட்டும் என்று சொல்லியிருக்கலாம். புதிதாக வருபவர்கள் அதே வெளிச்சத்தில் ஃபிலிமை டேங்கில் ஏற்றுவார்கள். 400 ஏஎஸ்ஏ (ஒளியுணர்வின் அளவு) பான்குரோமேட்டிக், அதாவது எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிமுக்குச் சிவப்பும் பகல்தான்.

சிவப்பு பல்ப்
பேப்பர் என்றுதான் எழுதியிருக்கிறேன். திரும்பப் படியுங்கள்.

கடைக்கண்
பழைய ரீல், மூன்று துண்டுக்கு முன்னால் கதவைப் பாருங்கள். வெளியே எல்லா விளக்கும் எரியட்டும், உள்ளே அணைத்துவிட்டு 20 நிமிடம் உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டால் எந்த அறையும் இருட்டாகத்தான் தோன்றும். மங்கல் ஒளியைப் பிடிக்கும் செல்கள் தேற அரை மணி நேரம்வரை ஆகும். இடுக்கை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், பார்வையின் நட்டநடுவில் அந்தச் செல்கள் கிடையாது. சற்றுத் தள்ளிப் பார்வையை வைத்தால் சாவித்துவாரமும் கதவின் அடிக்கோடும் தானாக எழுந்து வரும். ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டி, மறுபடி 20 நிமிடம். கீலின் பக்கத்தை மறந்துவிடாதீர்கள்.