குழாய் எரிவாயு இல்லாத வீட்டுக்கு ஹீட்டிங் ஆயில் வாங்குவது எப்படி? (வட அயர்லாந்து)

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு என்னிஸ்கில்லனில் செவிலியர் பணி கிடைத்ததால், இரு குழந்தைகளுடன் ஃபெர்மனா மாவட்டத்தின் ஒரு சிற்றூருக்கு இந்தச் செப்டம்பரில் குடிவந்திருக்கிறோம். இதற்கு முன்பு லண்டனுக்கு அருகில் குடியிருந்தபோது குழாய் எரிவாயு இருந்தது. மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகை கழியும், அதற்கு மேல் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இங்கே வீட்டின் பின்புறம் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டேங்க் நிற்கிறது. அதில் ஹீட்டிங் ஆயில் எனப்படும் மண்ணெண்ணெய் நிரப்பினால்தான் பாய்லர் எரியும், ரேடியேட்டர்கள் சூடாகும், குளிக்க வெந்நீர் வரும் என்று வீட்டு உரிமையாளர் சொன்னார்.

டேங்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் கருவி எதுவும் இல்லை. தொலைபேசியில் விசாரித்த நிறுவனங்களில் ஒன்று 300 லிட்டருக்கும் மற்றொன்று 500 லிட்டருக்கும் விலை சொன்னது. அடுத்த வாரம் அதே விலை இருக்குமா என்று கேட்டதற்கு, இருக்காது என்றே இருவரும் சொன்னார்கள். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்பது எங்களைப் போல் இப்போதுதான் முன்பணமும் வாடகையும் கட்டி முடித்தவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் 20 லிட்டர் கேன்களில் விற்பதைப் பார்த்தேன். அப்படிச் சிறிது சிறிதாக வாங்கிச் சமாளிக்கலாமா? எவ்வளவு, எப்போது, யாரிடம் வாங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். இளைய குழந்தைக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை என்பதால் வீடு குளிர்ந்துவிடக் கூடாது என்ற கவலைதான் எனக்கு முதலில் வருகிறது.

மறுமொழி 1 (ஓமாவிலிருந்து)

அன்புள்ள தம்பிக்கு, நீங்கள் இருக்கும் நிலை இந்தப் பகுதியில் விதிவிலக்கு அன்று. ஸ்காட்லாந்திலிருந்து கடலடிக் குழாய் வழியாக எரிவாயு வட அயர்லாந்துக்கு வந்ததே 1996-இல்தான். அது பெல்ஃபாஸ்ட் பக்கம் முதலில் பரவி, நம்முடைய மேற்குப் பகுதி நகரங்களை எட்டுவதற்குள் பல ஆண்டுகள் கடந்துவிட்டன, பல சிற்றூர்களுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே இங்கே பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் எண்ணெயை நம்பியே இருக்கின்றன. இதில் ஒரு நன்மை உண்டு: விற்பவர்கள் பலர், போட்டியும் அதிகம். ஒரு தீமையும் உண்டு: மின்சாரத்துக்கும் குழாய் எரிவாயுவுக்கும் கட்டணத்தைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை அமைப்பு இங்கே இருக்கிறது, ஹீட்டிங் ஆயிலின் விலையை எந்த அமைப்பும் கட்டுப்படுத்துவதில்லை. கச்சா எண்ணெயின் விலை, டாலருக்கு எதிரான பவுண்டின் மதிப்பு, விமான எரிபொருளுக்கான தேவை, உள்ளூரில் வீசும் குளிர் அலை ஆகிய எல்லாமே நாள்தோறும் அந்த விலையை அசைக்கின்றன. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பின், மார்ச் மாதத்தில் லிட்டர் ஒரு பவுண்டைத் தாண்டியது. காசு கையில் இருந்தும் வேண்டிய அளவு கிடைக்காமல் தவித்தவர்கள் அப்போது இருந்தார்கள்.

இதிலிருந்து நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: வாங்கியே தீர வேண்டிய நாளில் வாங்காதீர்கள். டேங்க் வற்றிய பின் அழைக்கிறவரால் விலையை ஒப்பிடவும் முடியாது, இரண்டு நாள் பொறுக்கவும் முடியாது; கூடுதல் கட்டணம் கொடுத்து அவசர விநியோகத்தை ஏற்க வேண்டிவரும். டேங்கில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த கொள்முதலைத் தொடங்குவது நல்லது. பொதுவாகக் கோடையிலும் இலையுதிர்காலத்தின் தொடக்கத்திலும் கூட்டம் குறைவாக இருக்கும், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் விலை இறங்கியே தீரும் என்று நம்பிவிட வேண்டாம், ஏனெனில் உலகச் சந்தை நம் பருவத்தைப் பார்த்து நடப்பதில்லை. நீங்கள் செப்டம்பரிலேயே கேட்டிருப்பது நல்லதாயிற்று.

விலையைத் தெரிந்துகொள்ள, நுகர்வோர் நலனுக்கான பொது அமைப்பான நுகர்வோர் மன்றம் (Consumer Council) வாரந்தோறும் 300, 500, 900 லிட்டர் ஆகிய அளவுகளுக்கு வட அயர்லாந்தின் சராசரி விலைகளை வெளியிடுகிறது. முதலில் அதைப் பாருங்கள். பிறகு உள்ளூரில் குறைந்தது மூன்று நிறுவனங்களை அழையுங்கள். கேட்கும்போது 5 சதவீத வாட் வரி சேர்ந்த விலையா, எந்த நாளில் கொண்டுவருவார்கள் என்ற இரண்டையும் ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி கேட்டால்தான் ஒப்பீடு சரியாக அமையும். அளவு கூடக்கூட லிட்டர் விலை குறையும் என்பது உண்மை. அதிலும் 300-இலிருந்து 500-க்குப் போகும்போது கிடைக்கும் குறைப்புதான் பெரும்பாலும் கவனிக்கத்தக்கது, அதற்கு மேல் அது சுருங்கிவிடும். முதல் முறை 500 லிட்டர் வாங்குவதே உங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

பெட்ரோல் நிலையத்தின் 20 லிட்டர் கேன் அவசரத்துக்கு மட்டுமே உதவும். அதன் லிட்டர் விலை டேங்கர் விலையைவிட நன்றாகவே கூடுதல், அதைத் தூக்கிச் சிந்தாமல் ஊற்றுவதும் எளிதன்று. தொகையைப் பிரித்துக் கட்ட வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றை நன்கு அறிந்தவர்கள் இங்கே எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.

மறுமொழி 2 (அர்மாவிலிருந்து, எண்ணெய் பாய்லர் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்)

முந்தைய மறுமொழியோடு உடன்படுகிறேன். வாங்குவதற்கு முன் டேங்கைப் பற்றிச் சில செய்திகளைச் சேர்க்க வேண்டும், ஏனெனில் எவ்வளவு வாங்கலாம் என்பதை டேங்க்தான் தீர்மானிக்கிறது.

டேங்கின் பக்கத்தில் ஒட்டிய அல்லது அச்சிட்ட தகட்டில் அதன் கொள்ளளவு இருக்கும். வீடுகளில் 1,000 முதல் 1,300 லிட்டர் வரையான டேங்குகள் பரவலாக உள்ளன. மேல் மூடியைத் திறந்து, சுத்தமான உலர்ந்த மரக்குச்சியை அடிவரை இறக்கி எடுத்தால் நனைந்த உயரம் தெரியும். செவ்வக வடிவ டேங்காக இருந்தால் உயரத்தின் விகிதமே ஏறத்தாழ எண்ணெயின் விகிதம். படுக்கைவாட்டில் கிடக்கும் உருளை டேங்கில் இந்தக் கணக்கு பொருந்தாது. அடியில் உள்ள சில சென்டிமீட்டர் எண்ணெயைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தண்ணீரும் கசடும் படியும் இடம் அது என்பதால் பாய்லருக்குப் போகும் குழாயைச் சற்று மேலே வைத்திருப்பார்கள். விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. 1,200 லிட்டர் டேங்கில் 400 லிட்டர் மிச்சம் இருக்கும்போது 900 லிட்டருக்குச் சொல்லிவிட்டால், ஓட்டுநர் பாதியில் நிறுத்தித் திரும்ப வேண்டியிருக்கும், குறைந்த அளவுக்குரிய கூடுதல் விலையை நிறுவனம் கேட்கவும் கூடும்.

டேங்க் முழுமையாக வற்றினால் எண்ணெய் தீர்வதோடு பிரச்சினை முடிவதில்லை. அடிக்கசடு வடிகட்டிக்குள் இழுக்கப்படும், குழாயில் காற்று புகும், பாய்லர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பிறகு எண்ணெய் நிரப்பினாலும் உடனே எரியாது. காற்றை வெளியேற்ற ஒரு தொழில்நுட்பரை வரவழைக்க வேண்டும், அது தனிச் செலவு. ரீசெட் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவதைத் தயவுசெய்து தவிருங்கள், ஏனெனில் எரியாத எண்ணெய் எரியறைக்குள் சேர்ந்துவிடும்.

வாடகை வீடு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். பாய்லரையும் டேங்கையும் நல்ல நிலையில் வைத்திருப்பது பொதுவாக உரிமையாளரின் கடமை, எண்ணெய் வாங்குவது குடியிருப்பவரின் செலவு. ஒப்பந்தத்தில் இது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பாய்லர் தொழில்நுட்பர்களைப் பதிவுசெய்யும் ஆஃப்டெக் (OFTEC) அமைப்பில் பதிவுபெற்ற ஒருவர் ஆண்டுக்கொரு முறை பாய்லரைச் சோதிக்க வேண்டும். கடைசிச் சோதனையின் அறிக்கையை உரிமையாளரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். வாடகை வீடுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருப்பது 2024 முதல் வட அயர்லாந்தில் சட்டப்படி கட்டாயம், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது வேலை செய்கிறதா என்று இன்றே பொத்தானை அழுத்திப் பாருங்கள். டேங்க் இரட்டைச் சுவர் கொண்டதா, வெடிப்போ வீக்கமோ இருக்கிறதா என்றும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். மண்ணில் கசிந்த மண்ணெண்ணெயை அகற்றுவது மிகப் பெரிய செலவு, எல்லாக் காப்பீடுகளும் அதை ஏற்பதில்லை.

இறுதியாக, குளிரில் மண்ணெண்ணெய் உறைந்துவிடுமோ என்று புதியவர்கள் அஞ்சுவதை அடிக்கடி கேட்கிறேன். 2010 டிசம்பரில் டைரோன் மாவட்டத்தின் கேசில்டெர்க்கில் வெப்பநிலை கழித்தல் 18.7 பாகைக்கு இறங்கியது. அதுவே வட அயர்லாந்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை. அந்த அளவுக் குளிரிலும் வீட்டு உபயோக மண்ணெண்ணெய் குழாயில் ஓடக்கூடியது. உறைவது, புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் எடுக்கும் கண்டென்சிங் பாய்லரிலிருந்து வெளியே வரும் கழிவுநீர்க் குழாய்தான். அது மெல்லியதாகவும் வெளிச்சுவரை ஒட்டி நீளமாகவும் இருந்தால், குளிர் தொடங்கும் முன் அதற்கு உறை போடும்படி உரிமையாளரிடம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தகட்டில் 1,200 லிட்டர் என்று இருக்கிறது; குச்சி விட்டுப் பார்த்ததில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். ஆகவே 500 லிட்டர் தாராளமாகக் கொள்ளும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறது, பாய்லர் அறிக்கையைக் கேட்டிருக்கிறேன். இனி இரண்டு ஐயங்கள்: இந்த 500 லிட்டர் எங்களுக்கு எத்தனை நாள் வரும், பணத்தைப் பிரித்துக் கட்டும் வழிகள் எவை? அவ்வளவு செலவழிப்பதைவிட, ஓர் அறையில் மட்டும் மின்சார ஹீட்டர் வைத்துக்கொண்டால் போதாதா என்று என் மனைவி கேட்கிறார்.

மறுமொழி 3 (டெர்ரி பக்கத்திலிருந்து)

அண்ணா, உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது, அதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. சராசரி நிலையில் உள்ள பாய்லர் அதில் 85 சதவீதத்தை வீட்டுக்குத் தருகிறது என்று கொண்டால், கையில் கிடைப்பது 8.5 கிலோவாட் மணி. லிட்டர் 60 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவாட் மணி வெப்பத்துக்கு 7 பென்ஸ் ஆகிறது. சாதாரண மின்சார ஹீட்டர் வாங்கிய மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்கினாலும், அந்த மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 30 பென்ஸ் என்றால் அதே வெப்பத்துக்கு நான்கு மடங்குக்கும் மேல் கொடுக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட விலைகளை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஓர் அறையை மட்டும் சூடாக்க ஹீட்டர் சிக்கனமாக இருக்கலாம். குழந்தை நாள் முழுவதும் இருக்கும் வீட்டில், அதுவும் மற்ற அறைகள் ஈரமேறிப் பூஞ்சை பிடிக்கும் இந்தக் காலநிலையில், அதை நம்பியிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

500 லிட்டர் எத்தனை நாள் வரும் என்பதை வேறொருவர் வீட்டை வைத்துச் சொல்வது சரியாக வராது, ஏனெனில் சுவரின் காப்பும் சன்னலின் தரமும் தெர்மோஸ்டாட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். வாரத்துக்கொரு முறை, அதே கிழமையில், குச்சியை இறக்கி உயரத்தைக் குறித்து வாருங்கள். அக்டோபரில் நான்கு வாரம் குறித்தால் உங்கள் வீட்டின் பசி தெரிந்துவிடும். டிசம்பரிலும் சனவரியிலும் அது கணிசமாகக் கூடும் என்று எதிர்பார்த்து அடுத்த கொள்முதலுக்கு நாள் குறிக்கலாம். வெந்நீரும் அதே பாய்லரிலிருந்து வருவதால் கோடையிலும் எண்ணெய் சிறிது செலவாகும்.

பணம் கட்டுவதற்கு நான் அறிந்த வழிகள் மூன்று. முதலாவது, பல நிறுவனங்கள் மாதந்தோறும் ஒரு தொகையை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து உங்கள் பெயரில் சேர்த்துவைத்து, எண்ணெய் வாங்கும்போது கழித்துக்கொள்ளும். வசதியானதுதான், ஆனால் அந்த நிறுவனத்திடமே வாங்க வேண்டியிருப்பதால் ஒப்பிட்டு வாங்கும் சுதந்திரம் குறையும். இரண்டாவது, பல மாவட்ட மன்றங்கள் நடத்தும் எண்ணெய் முத்திரைத் திட்டம்: கடைகளில் ஐந்து பவுண்டு முத்திரைகளை வாங்கி அட்டையில் ஒட்டிவந்து, நிரம்பியதும் அத்திட்டத்தில் சேர்ந்துள்ள எந்த விற்பனையாளரிடமும் கொடுக்கலாம். முதலாவதைவிட இதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் பணம் ஒரே நிறுவனத்தோடு கட்டுண்டு கிடப்பதில்லை. உங்கள் மன்றத்தில் இது நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாவது, எண்ணெய்க் கூட்டுக் கொள்முதல் குழுக்கள். பொது வீட்டுவசதி அமைப்பான ஹவுசிங் எக்சிகியூட்டிவின் ஆதரவோடு பிரைசன் எனர்ஜி என்ற தொண்டு அமைப்பு நடத்தும் குழுக்களில் சேர்ந்தால், பல வீடுகளின் தேவையை ஒன்றாகத் திரட்டிப் பேசி வாங்குவதால் 200 லிட்டர் வாங்குகிறவருக்கும் மொத்தக் கொள்முதலின் பயன் கிடைக்கிறது. கையில் 500 லிட்டருக்கான பணம் இல்லாத குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இங்கே கண்டதில்லை.

டேங்கர் வரும் நாளில் உங்களில் ஒருவர் வீட்டில் இருங்கள். ஊற்றத் தொடங்கும் முன் மீட்டர் பூஜ்யத்தில் இருப்பதைப் பாருங்கள், முடிந்ததும் அது அச்சிட்டுத் தரும் சீட்டில் லிட்டர் எண்ணிக்கையைச் சரிபார்த்து, முன்னும் பின்னும் குச்சியில் குறித்த உயரத்தோடு பொருத்திப் பாருங்கள். டேங்கில் கலந்த பின் எண்ணெயைத் திருப்பித் தர முடியாது என்பதால் அளவில் ஐயம் இருந்தால் ஓட்டுநர் புறப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஊற்றி முடித்த பின் பாய்லரை ஒரு மணி நேரமாவது அணைத்து வைத்திருங்கள். அடியில் கலங்கிய கசடு மீண்டும் படிவதற்கு அந்த அவகாசம் தேவை.