19 வருஷ அனுபவம், டிகிரி மட்டும் இல்லை

டிகிரி இல்லை என்பதற்காக ரெஸ்யூமே திரும்பி வந்த அனுபவத்தைப் பலரும் இங்கே எழுதியிருந்தீர்கள். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய இடத்தில் நின்றவன் நான். அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில், 11 வருஷமாக ஃபெடரல் கான்ட்ராக்ட் வேலை, அதாவது மத்திய அரசுக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் கம்பெனியில்.

எங்கள் சர்வர் ரூமைப் பார்த்துக்கொண்டவர் கடற்படையில் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியனாக இருந்தவர். காலேஜ் பக்கம் போனதில்லை. ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் வெள்ளை டேப் சுற்றி, எங்கிருந்து எங்கே போகிறது, என்றைக்கு மாட்டியது என்று பொடி எழுத்தில் எழுதி வைத்திருப்பார். ஒரு ஜனவரி ராத்திரி ஸ்டோரேஜ் படுத்துவிட்டது. பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு போய், அந்த டேப்புகளை வைத்தே கோளாறு எந்தப் பக்கம் என்று பிடித்து, விடிவதற்குள் சரிசெய்துவிட்டார். கான்ட்ராக்ட் கம்பெனி கம்பெனியாகக் கைமாறியது. அவர் கழுத்தில் பேட்ஜ்தான் மாறும், நாற்காலி அதேதான்.

அடுத்த ரீபிட்டில், அதாவது கான்ட்ராக்டுக்கு மறுபடி டெண்டர் விட்டபோது, அதுவும் போயிற்று. அவருடைய லேபர் கேட்டகரிக்கு (கான்ட்ராக்டில் அவர் வேலைக்கான பிரிவு) "இளங்கலைப் பட்டம், 5 ஆண்டு அனுபவம்" என்று போட்டிருந்தார்கள். அவருக்கு அனுபவம் 19 வருஷம். ஆனால் கம்பெனி மணிக்கு இவ்வளவு என்று பில் போடுவது அந்தக் கேட்டகரியை வைத்துத்தான். தகுதி பொருந்தாதவரை அதில் காட்டினால் ஆடிட்டில் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், எந்த மேனேஜரும் துணியமாட்டார். கீழ்க் கேட்டகரிக்கு இறங்கினால் சம்பளமும் இறங்கும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. புதிதாக வந்த பையனுக்கு 2 வாரம் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த 2 வாரமும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

நம்மூர் ஆட்களுக்கும் இந்த அடி தெரியும். மதுரையில் படித்த என் 3 வருஷ பி.எஸ்சி.யை இங்கே மதிப்பீடு செய்தவர்கள் முழு டிகிரியாக எடுத்துக்கொள்ளவில்லை. எம்.சி.ஏ. கையில் இருந்ததால் தப்பித்தேன்.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான்: ஐ.டி. சேவை டெண்டர்களில், உண்மையிலேயே தேவைப்பட்டால் தவிர, குறைந்தபட்சப் படிப்பைக் கேட்கக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 2000-லேயே சட்டம் போட்டுவிட்டது. பழைய டெண்டரை அப்படியே காப்பியடிக்கும் பழக்கம்தான் போகவில்லை. படிப்பு கேட்டால் ஏன் என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும் என்ற மசோதாவை 2024-ல் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. அந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால், ஒரு சர்வர் ரூமுக்கு என்ன காரணம் எழுதியிருப்பார்கள்?

மாநில அரசுகள் முந்திக்கொண்டன. 2022 மார்ச்சில் மேரிலாந்து ஆயிரக்கணக்கான அரசு வேலைகளுக்கு டிகிரி கட்டாயம் என்பதை நீக்கியது. மறு வருஷம் ஜனவரியில் பென்சில்வேனியாவின் புது கவர்னர் ஷபீரோ, முதல் உத்தரவாகவே 92 சதவீத மாநில வேலைகளுக்கு அதை நீக்கினார். மேரிலாந்து அறிவிப்பு வந்த அன்றே அதை எங்கள் பழைய சர்வர் ரூம்காரருக்கு அனுப்பினேன். இப்போது மேரிலாந்திலேயே ஒரு மாநில அலுவலகத்தில் இருக்கிறார்.

டெண்டருக்கு விண்ணப்பம் போடுகிற இடத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. டெண்டர் வந்ததும் கேள்வி கேட்க அவகாசம் தருவார்கள். "பட்டத்துக்குப் பதில் அனுபவத்தை ஏற்பீர்களா, எத்தனை ஆண்டு?" என்று எழுதிக் கேளுங்கள். போன முறை நான் கேட்டேன். 6 ஆண்டு அனுபவம் போதும் என்று திருத்தம் வந்தது. அதனால் எங்கள் டீமில் 2 பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.