டிரைக்கோகிரம்மாவுக்குத் தமிழ்ப் பெயர்: ‘மயிர்வரிக் குளவி’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பயிர்ப் பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கிற மிகச் சிறிய குளவி டிரைக்கோகிரம்மா. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசுகிற இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு கருத்துகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

> ‘முட்டை ஒட்டுண்ணி’ என்று விவசாயிகளே சொல்கிறார்கள். அதற்கு மேல் எதற்குப் புதுப் பெயர்?

அது வேலையின் பெயர், ஆளின் பெயர் இல்லை. கரும்பில் இடைக்கணுப் புழுவுக்காகக் கட்டுகிற, ஒட்டுண்ணி ஏறிய முட்டைகள் ஒட்டிய அட்டையில் இருப்பது டிரைக்கோகிரம்மா. புரோடீனியா என்கிற புகையிலை வெட்டுப்புழுவின் முட்டைக் குவியலுக்கு விடுகிற டெலினோமஸ் என்ற குளவியும் முட்டை ஒட்டுண்ணிதான். ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். டெலினோமஸ் கறுத்து மினுமினுப்பாக இருக்கும். டிரைக்கோகிரம்மா பெரும்பாலும் மஞ்சளோ பழுப்போ கலந்த உடம்பு, சிவந்த கண். நீளம் அரை மில்லிமீட்டர் அளவுதான். இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால், ஆய்வகத்தில் வளர்ப்புக் குடுவைகள் கலந்துபோன அன்று எதை வைத்துப் பிரிப்பது?

சரி, நுண்ணோக்கியில் என்ன தெரிகிறது என்று பார்ப்போம். பெயர் அங்கிருந்துதான் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கால். தரையில் படுகிற பாதப் பகுதி மூன்றே துண்டு. இந்தக் குளவிகளின் உறவுக் குடும்பங்களில் பெரும்பாலும் நான்கோ ஐந்தோ இருக்கும். மூன்று என்று எண்ணி முடித்தாலே குடும்பம் தெரிந்துவிடும். அந்தத் துண்டுக்கு இங்கே ‘பாதத்துண்டம்’, ‘பாதவளையம்’ என்றெல்லாம் வந்தன. நான் ‘கணு’ என்கிறேன். கரும்பு போட்டவருக்குக் கணு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ‘கணுக்காலிகள்’ என்று பள்ளிப் பாடத்திலும் அது இருக்கிறது. ஆகவே பாதக்கணு. மூன்று கணு உடையது முக்கணு. இந்தக் குடும்பமே ‘முக்கணுக் குளவிகள்’. வாயில் எளிதாக வருகிறது, அடையாளமும் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் இறக்கை. இதைச் சொல்லத்தான் இந்த மடல். முதல் தடவை முன்னிறக்கையைக் கண்ணாடித் தகட்டில் விரித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புலப்படவில்லை, வெறும் கண்ணாடித் துணுக்கு மாதிரிதான் இருந்தது. வெளிச்சத்தைக் கீழிருந்து மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தேன். நுண்மயிர்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. தாறுமாறாக இல்லை. இறக்கையின் அடியிலிருந்து விளிம்பை நோக்கி, விசிறி மடிப்பு போல, வரி வரியாக நின்றன. மேல் விளிம்பை ஒட்டி வந்த நரம்பு, அலை புரள்வது போல ஒரே வளைவாக உள்ளே இறங்கி நின்றுவிட்டது. மீதி இறக்கை முழுக்க மயிர் வரிகள்தான்.

1833-இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வெஸ்ட்வுட் இந்தப் பேரினத்துக்கு வைத்த பெயரும் இதைத்தான் சொல்கிறது. கிரேக்கத்தில் முதல் பாதி மயிர், பின்பாதியான ‘கிரம்மா’ எழுதப்பட்டது, எழுத்து. தமிழில் ‘வரி’ கோடு, எழுத்து இரண்டையும் ஒரே சொல்லில் தாங்குகிறது பாருங்கள். கோடும் வரி, எழுதிய அடியும் வரி, எழுத்தின் உருவம் வரிவடிவம். இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒலிபெயர்ப்போடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. மயிர்வரிக் குளவி.

> மயிர் என்று சொன்னால் கூட்டத்தில் சிரிப்பார்கள். வரி என்றால் அரசாங்க வரி என்று நினைப்பார்கள். ‘ரோமரேகை’ நாகரிகமாக இருக்கும்.

வரிக்குதிரையைப் பார்த்து யாரும் வருமான வரியை நினைப்பதில்லை. ‘மயிரிழையில் உயிர் தப்பினார்’ என்று செய்தித்தாளில் வருகிறது, யாரும் சிரிப்பதில்லை. இலங்கையில் கம்பளிப்பூச்சிக்கு மயிர்க்கொட்டி என்றுதான் பெயர், குழந்தைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். வசைக்குப் பயந்து ஒரு நல்ல சொல்லை நாமே கைவிட்டால் அது வசையாக மட்டுமே மிஞ்சும்.

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. மயிர் வரிகள் இந்தப் பேரினத்துக்கு மட்டும் உரியவை அல்ல. குடும்பத்தில் வேறு சிலவற்றிலும் உண்டு. டிரைக்கோகிரம்மட்டாய்டியா என்ற நெருங்கிய பேரினத்திலும் உண்டு. அதன் பெயருக்கே ‘டிரைக்கோகிரம்மா போன்றது’ என்றுதான் பொருள். அதை ‘மயிர்வரிப்போலி’ என்போம். பிரிப்பதற்கு இரண்டு இடம் பார்த்தால் போதும். மயிர்வரிக் குளவியில், நரம்பின் நுனிக்குக் கீழிருந்து இறக்கையின் அடிப்புறம் நோக்கிச் சாய்ந்து வரும் குட்டி வரி ஒன்று இருக்கும். போலியில் அது இல்லை. அடுத்து ஆணின் உணர்கொம்பு: மயிர்வரிக் குளவியில் அதன் முனைப்பகுதி பிரிவே இல்லாமல் ஒரே நீளத் துண்டு, அதில் நீண்ட மயிர்கள் சிலிர்த்து நிற்கும். போலியில் அது கணுக் கணுவாகப் பிரிந்திருக்கும். பெண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், இரண்டிலும் உணர்கொம்பின் நுனி திரண்டுதான் இருக்கும்.

இனம் வரை போக வேண்டுமானால் இறக்கை போதாது, ஆணின் பிறப்புறுப்பைத் தகட்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். அதன் முக்கியத்துவத்தை 1971-இல் தெளிவாக எடுத்துக் காட்டியவர்கள் இந்தியாவில் வேலை செய்த சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும். அந்த உறுப்புகளுக்கான சொற்களைத் தனி இழையில் பேசலாம்.

விலங்கியல் பெயர் எப்போதும் போல ஒலிபெயர்ப்பில் கூடவே நிற்கும், அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

“பாதம் முக்கணு. முன்னிறக்கை நரம்பு ஒரே அலைவளைவு. நுண்மயிர் வரிவரியாக. நரம்பு நுனியிலிருந்து பின்சாயும் குட்டி வரி உண்டு. ஆணின் உணர்கொம்பு முனை பிரிவற்றது, நெடுமயிர் உடையது: மயிர்வரிக் குளவி (டிரைக்கோகிரம்மா).”

‘அலைவளைவு’ எனக்கே முழுத் திருப்தி இல்லை. ‘நெளி நரம்பு’ சரியாக வருமா? நுண்ணோக்கி கையில் இருப்பவர்கள் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.